பானெட்டுக்கு அடியில் பன்னிரண்டு வாஷர்

எஞ்சின் சூடாகிறது என்று அவரிடம் காரைக் கொண்டுபோகிறவர்கள் முதலில் அவருடைய ஆள்காட்டி விரலைத் தாண்டியாக வேண்டும்.

வேகக் கார் வைத்திருப்பவர்களுக்கு பானெட்டின் மேல் மூக்கு மாதிரி ஒன்று எழும்பி நிற்க வேண்டும் என்று ஆசை. அந்த மூக்கு வழியே காற்று எஞ்சினுக்குப் போகிறதாம், எஞ்சின் குளிர்கிறதாம். இவர் கும்பிடு போட்டு வரவேற்பதில்லை. நேராகப் போய் அந்த மூக்குத் துளைக்குள் விரலை விடுவார். விரல் முழுக்க உள்ளே போனால் பேச்சு தொடரும். இரண்டாவது கணுவிலேயே பிளாஸ்டிக் இடித்தால் விரலை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

"இது மூக்கு இல்லைங்க, மூக்குத்தி. எடுத்துட்டுப் போங்க."

பத்துக் காரில் எட்டு அந்த இடத்திலேயே திரும்பிவிடும். திரும்புகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையைத் திறந்து வைக்கிறார் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் சொல்வார். அது பொய்யென்று சொல்ல முடியாது.

எல்லோரும் அவரை நூல்காரர் என்கிறார்கள். நூல் அவர் தொழில் இல்லை. காரின் மேல் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கம்பளி நூலைச் சாண் நீளத்துக்கு வெட்டி, வண்டியின் உடம்பு முழுக்க வரிசையாக டேப் போட்டு ஒட்டி, ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி, பக்கத்தில் இன்னொரு வண்டியில் போய்ப் பார்ப்பார். காற்று போகும் பக்கம் நூல் படுக்கும். காற்று குழம்பும் இடத்தில் நூல் பைத்தியம் பிடித்தது மாதிரி சுற்றும். அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். நூல் வந்தது மனைவி பின்ன ஆரம்பித்துப் பாதியில் விட்ட சிவப்பு ஸ்வெட்டரிலிருந்து. "அதை முடிச்சிருந்தா எனக்குக் குளிர் விட்டிருக்கும். முடிக்காததால கண்டவன் காருக்கெல்லாம் சூடு விடுது" என்பது அந்த அம்மாவின் கருத்து. தெருமுனையில் அவர் நூல்கண்டோடு போகும்போது, "யாருக்குண்ணே நூல் விடப் போறீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர் நின்று, கேட்டவரை மேலும் கீழும் பார்த்து, "உன் தலைக்குத்தான். உள்ளே காத்தாவது இருக்கான்னு பார்க்கணும்" என்பார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் தகரத்தோடு இருக்கிறார். கட்டிடங்களுக்குள் காற்று ஓடும் சதுரக் குழாய்கள், டக்ட் என்கிறார்களே, அவற்றை வெட்டி மடித்து மாட்டுவது வேலை. ஆஸ்பத்திரி, சினிமா தியேட்டர், ஹோட்டல் சமையலறை என்று இருபத்தாறு வருடம். கூரைக்கும் அதற்குக் கீழே தொங்கும் பொய்க்கூரைக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தே பாதி ஆயுள் போய்விட்டது. மேலே கிடந்து கீழே நடப்பவர்களின் உச்சந்தலையைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு மனிதர்கள் மேல் இப்படி ஓர் அபிப்பிராயம் வந்திருக்க வேண்டும்.

ஒரு ஹோட்டல் கதையை அவரே விரும்பிச் சொல்வார். சமையலறையில் புகை நிற்கிறது என்று முதலாளி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். புகை போகவில்லை. இரண்டாவது மாட்டினார். மூன்றாவதும் மாட்டினார். கடைசியில் சமையலறைக் கதவையே இழுத்துத் திறக்க முடியவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி. பரிமாறுகிறவர்கள் தட்டோடு உள்ளிருந்து தோளால் முட்டிக்கொண்டு நின்றார்கள். நான்காவது ஃபேனுக்கு அளவெடுக்க இவரைக் கூப்பிட்டார்கள். இவர் ஃபேனைப் பார்க்கவே இல்லை. இறுக்கிச் சாத்தியிருந்த பின்பக்க ஜன்னலைத் திறந்தார். புகை ஐந்து நிமிடத்தில் போய்விட்டது.

"உள்ளே வராத காத்தை எப்படிங்க வெளியே தள்ளுவீங்க?" என்று முதலாளியைக் கேட்டாராம். முதலாளி, "அப்போ நாலாவது ஃபேன் வேண்டாமா?" என்று கேட்டாராம். இந்த இடத்தில் அவர் ஒருமுறை மூக்கால் சிரிப்பார். அதற்கு மேல் விளக்கமாட்டார்.

கார் எஞ்சினும் அவருக்கு ஒரு சமையலறைதான். அடுப்பு எரிகிறது. முன்பக்கம் வாய், உள்ளே ரேடியேட்டர், அதற்குப் பின்னால் நெருப்பாக எஞ்சின். குளிர்ந்த காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து வர வேண்டும், சூடான காற்று கீழ்ப்பக்கமாக ஓட வேண்டும். இடையில் எங்கே சந்து கிடைத்தாலும் காற்று அதில் நழுவிவிடும். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து கஷ்டப்பட அதற்கு ஆசையா என்ன? "காத்து நம்ம ஆபீஸ் ஆளுங்க மாதிரி. பக்கத்துல ஒரு வழி இருந்தா வேலை நடக்கிற பக்கமே போகாது" என்பார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லலாம்தானே? சொல்லமாட்டார். அதற்கு அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு தடவை கேட்க வேண்டும்.

"முதல் தடவை கேட்கிறவன் தனக்குத் தெரிஞ்சதைக் காட்டத்தான் கேட்கிறான். நம்ம பதிலுக்கு நடுவுலயே அவன் ஆரம்பிச்சுடுவான். ரெண்டாவது தடவை கேட்கிறான் பாருங்க, அவன்தான் தெரிஞ்சுக்கக் கேட்கிறான்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கம் கிட்டத்தட்ட அவருடைய தங்கச்சியின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டது.

தங்கச்சி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். முப்பத்து நான்கு வயது. சைரனோடு நெரிசலுக்குள் வண்டியை விட்டு வெளியே எடுப்பதைப் பார்த்தவர்கள், நோயாளிக்கு முன்னால் தங்களுக்கு மயக்கம் வந்ததாகச் சொல்வார்கள். அவளுக்கு ஒரே ஆசை. ஊருக்கு வெளியே பந்தயப் பாதை இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு பந்தயக் குழு தேர்வு நடத்தும். சொந்தக் காரைக் கொண்டுபோய், நிறுத்தாமல் எட்டுச் சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். சராசரி நேரம் குறைவாக இருக்கும் இரண்டு பேருக்கு அடுத்த வருடம் முழுக்கக் குழுவின் காரை ஓட்டும் இடம். முப்பத்தைந்து வயது ஆகிவிட்டால் எடுப்பதில்லை. முதல் வருடம் மூன்றாவதாக வந்தாள். போன வருடம் ஐந்தாவது சுற்றில் கார் சூடாகி நின்றது. இதுதான் கடைசி. வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. சுவரில் காலண்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கார் அவள் கணவருடையது. அந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை வேகக் கார்களை அலங்கரிக்கும் கடை வைத்திருக்கிறார். அவர் அதை அலங்காரம் என்று சொல்வதில்லை. வாசல் பலகையில் 'எஞ்சின் வெப்ப மேலாண்மை நிபுணர்' என்று எழுதி, பக்கத்தில் கைகட்டி நிற்கும் தன் படத்தைப் போட்டிருக்கிறார். கடைக்குள் நீல விளக்கு. சுவரெல்லாம் சிவப்பு ரப்பர்க் குழாய்களும் பளபளக்கும் வளைவுகளும். நடுவில் நிற்கும் கார்களெல்லாம் பானெட்டைத் திறந்தபடி. வருகிறவர்கள் எஞ்சினோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய்க் கறை கிடையாது, ஒயர் வெளியே தெரியாது, விரல் ரேகைகூட இருக்காது. அந்தக் கார்களுக்கு உண்மையிலேயே சூடு பிரச்சினை கிடையாது. பாதி நாள் பானெட்டைத் திறந்து வைத்து நிறுத்தியிருந்தால் எந்தக் கார்தான் சூடாகும்?

போன வருடத் தோல்விக்குப் பிறகு மாப்பிள்ளை தங்கச்சி ஓட்டும் அந்த நீலக் காருக்குத் தன் நிபுணத்துவத்தையெல்லாம் இறக்கினார். பெரிய ரேடியேட்டர். பெரிய ஃபேன். ரேடியேட்டரைச் சுற்றிக் கறுப்பாக ஒட்டியிருந்த ஃபோம் பட்டைகள் படத்தில் அசிங்கமாகத் தெரிந்ததால் உரித்துப் போட்டார். வண்டிக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். "கம்பெனிக்காரன் எடை கூட்டறதுக்கு வச்சது." பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு, டர்போவுக்குப் பக்கத்தில் கூம்பு மாதிரி ஒரு பளபள ஃபில்டரை வைத்தார். டர்போ என்றால் ஓடும்போது தணல் மாதிரி கனன்றுகொண்டிருக்கும் சாமான். அடுப்பு வாயில் மூக்கை வைத்து மூச்சு விடு என்றால் எப்படி இருக்கும், அதுதான்.

கடைசியாக மகுடம் சூட்டினார். பானெட்டின் பின்பக்கம், கண்ணாடி ஓரத்தில் இருக்கும் கீல்களுக்கு நான்கு போல்ட். ஒவ்வொன்றுக்கும் அடியில் மூன்று வாஷர். மொத்தம் பன்னிரண்டு. பானெட் பின்னால் இரண்டு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது. சந்து வழியே சூடு போய்விடும் என்பது ஏற்பாடு. எஞ்சினை ஓடவிட்டு, வருகிறவர்களின் கையைப் பிடித்து அந்தச் சந்தின் மேல் வைத்துக் காட்டுவார். "பார்த்தீங்களா, எப்படி வருது?" வரத்தான் செய்தது. நிற்கிற காரில் சூடு மேலே எழும்பத்தானே செய்யும்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஒரு மதியம் நூல்காரர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். வாசலிலேயே அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பம்பர் வாய்க்குள் குனிந்தார், ஃபோம் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார், அடித்தட்டு இல்லை. கண்ணாடி ஓரத்தில் நின்று கீலைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றாள் தங்கச்சி.

அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "என்ன மச்சான், டக்ட் கண்ணோட பார்க்கிறீங்களா? ஹோட்டல் கிச்சன் வேற, இது வேற. இது ஏரோடைனமிக்ஸ்."

"ஓ" என்றார் நூல்காரர்.

"என்ன 'ஓ'?"

"ஒண்ணுமில்லை மாப்ளே. பேர் நல்லா இருக்கு."

சாப்பிட்டார்கள். தங்கச்சி இரண்டாவது தடவை கேட்கவில்லை. அண்ணன் நல்லாயில்லை என்றால் சொல்லியிருப்பான் என்று நினைத்தாள். நியாயமான நினைப்பு. அவரோ மூன்று வாரமும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தார். டக்ட் மாட்டும்போது சிரிப்பு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். மாப்பிள்ளையின் மானம் பந்தயப் பாதையில் ஆவியாகப் போவதை நினைத்த மனிதருக்கு, அந்தக் காரை ஓட்டப்போவது யார் என்பது மட்டும் நினைவில் வரவில்லை.

தேர்வு நாள். காலையில் ஒவ்வொருவருக்கும் எட்டுச் சுற்றுப் பயிற்சி, மூன்று மணி நேரம் கழித்து நிஜ ஓட்டம். வெயில் அப்போதே தார்ப்பாதையில் நெளிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை தன் படம் போட்ட பிளாஸ்டிக் விளம்பரத் தட்டி ஒன்றைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கேமராவைப் பெரிய பெட்டியில் கொண்டுவந்திருந்தார். நூல்காரர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, வேலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த முகம்.

மூன்று சுற்று நன்றாகப் போனது. நான்காவதில் நேர்ப்பாதையின் நடுவில் எஞ்சின் சத்தம் தொண்டை அடைத்த மாதிரி இறங்கியது. சூடு எல்லை தாண்டினால் காரின் கணினி தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். பின்னால் வந்தவர்களெல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். ஆறாவது சுற்றோடு உள்ளே வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"வெயில்தான்" என்றார் மாப்பிள்ளை. "இன்னைக்கு வெயில் அப்படி. இன்னும் பெரிய ரேடியேட்டர் போட்டிருக்கணும்."

"நாலாவது ஃபேன்" என்றார் நூல்காரர் வேலியோரத்திலிருந்து.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்லை. பன்னிரண்டு வாஷரைப் பார்த்த அன்னைக்கே நினைச்சேன், நாலு சுத்து தாண்டாதுன்னு. கணக்குத் தப்பலை."

தங்கச்சி இறங்கினாள். மெதுவாக வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"என்னைக்குப் பார்த்தே?"

"நீங்க சாப்பிட வந்தீங்களே, அன்னைக்கு."

"மூணு வாரம்."

"நீ ஒரு தடவைதானேம்மா கேட்டே."

மாப்பிள்ளை இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். அவருக்கு மனைவியைத் தெரியும்.

"அண்ணே, என் வண்டியில ஏத்துறவங்க யாரும் என்கிட்ட ரெண்டு தடவை வலிக்குதுன்னு சொல்றதில்லை. சில பேர் ஒரு தடவைகூடச் சொல்றதில்லை. பார்த்தாலே தெரியும், தூக்கிப் போட்டுட்டுப் போறேன். நீ என்னைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கே. சோறு வேற போட்டிருக்கே. இவருக்காவது தெரியாது. தெரியாததைச் செஞ்சார். நீ தெரிஞ்சு சும்மா இருந்தே. உங்க ரெண்டு பேர்ல யாரு பெரிய முட்டாள்னு நீயே சொல்லு. ஒரு தடவைதான் கேட்பேன்."

நூல்காரரின் மனைவி, "நல்லா கேளு" என்றாள்.

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் மனிதர். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. ஹோட்டல் முதலாளிக்குச் சிரித்த மூக்கு அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"சரி" என்றாள் தங்கச்சி. "ரெண்டாவது தடவையும் கேட்கிறேன். என்ன பண்ணணும்?"

"டேப் இருக்கா?" என்றார் அவர்.

மாப்பிள்ளை விடவில்லை. "மச்சான், வாஷரைக் கழட்டினா சூடு எங்கே போகும்? கையை வச்சுப் பாருங்க, எப்படி அடிக்குதுன்னு."

நூல்காரர் பையிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்தார். பானெட்டின் பின் ஓரத்தில், ஓட்டுகிறவரின் கண்ணெதிரே, சாண் சாணாக ஒன்பது நூல் ஒட்டினார். தங்கச்சிக்குப் பயிற்சியில் இரண்டு சுற்று மிச்சமிருந்தது. "ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் எதுவும் சொல்லலை."

"நீ சொல்லாததெல்லாம் போதும்" என்று கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

நிற்கும்போது நூல்கள் சந்திலிருந்து வரும் சூட்டில் மேலே எழுந்து ஆடின. "பார்த்தியா?" என்றார் மாப்பிள்ளை. வண்டி நகர்ந்தது. நூல்கள் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தன. "பார்த்தியா, வெளியே வருது!" வேகம் அறுபதைத் தாண்டியது. ஒரு நூல் தயங்கியது. அடுத்ததும் தயங்கியது. எண்பதில் ஒன்பது நூலும் ஒன்றாகத் தலையைக் கவிழ்த்து, சந்துக்குள் நுழைந்து, எஞ்சின் பக்கம் காணாமல் போயின. யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சின மாதிரி. டேப் ஒட்டிய நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஏரோடைனமிக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூல்ல ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்றார் கடைசியில்.

"இறங்குங்க, அண்ணன்கிட்டயே கேட்டுடலாம்" என்றாள் தங்கச்சி, காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி.

விஷயம் இதுதான். ஓடும் காரில் காற்று முன் கண்ணாடியில் மோதி, அதன் காலடியில் குவிந்து, அழுத்திக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு சந்தைத் திறந்துவிட்டால் அந்தக் காற்று வெளியே போகாது, உள்ளே பாயும். எஞ்சின் அறை காற்றால் அடைத்துக்கொள்ளும். முன்னாலிருந்து ரேடியேட்டர் வழியே வரவேண்டிய காற்றுக்கு உள்ளே இடமில்லை. ஒரு கதவை இரண்டு பக்கமும் நின்று தள்ளுகிற கதை. போதாததற்கு ஃபோம் இல்லாததால் முன்பக்கக் காற்றும் ரேடியேட்டரைச் சுற்றிச் சந்தில் நழுவிக்கொண்டிருந்தது. பெரிய ரேடியேட்டர் காற்றில்லாமல் சும்மா கனத்துக்கொண்டு நின்றது.

ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

வாஷர்கள் முதலில் போயின. பன்னிரண்டையும் எண்ணி மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். பானெட் பழையபடி படிந்தது. ஃபோமுக்கு என்ன செய்வது? நூல்காரர் சுற்றிலும் பார்த்தார். கேமராப் பெட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்பு ஃபோம், தடிமனாக, புத்தம் புதிதாக.

"மச்சான், அது இம்போர்ட்டட்."

"நல்லதுதான் மாப்ளே. காத்துக்கும் பிடிக்கும்."

வெட்டி ரேடியேட்டரைச் சுற்றித் திணித்தார். பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் வரைக்கும் இரண்டு பக்கமும் சுவர் வேண்டும், காற்று தப்பிக்காமல் நேராகப் போக. அதற்கு அகலமான பிளாஸ்டிக் தகடு வேண்டும். எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் விளம்பரத் தட்டியின் மேல் போனது. அதில் மாப்பிள்ளை கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றார் நிஜ மாப்பிள்ளை.

"ஏங்க, நகருங்க" என்றாள் தங்கச்சி. கத்தியை அவளே எடுத்தாள். ஆம்புலன்ஸில் அடிபட்டவர்களின் சட்டையைக் கிழிக்கிற பழக்கம். கழுத்துக்குக் கீழே ஒரு துண்டு இடது பக்கச் சுவரானது. முகம் வலது பக்கச் சுவரானது, தலைகீழாக. மிச்சத் தட்டியை அண்ணன் அடியில் படுத்து, கழற்றிப்போட்ட தட்டின் இடத்தில் கட்டினார். டர்போவின் சூடு படாத முன்பகுதிக்கு மட்டும்தான் கட்டினார். அந்தக் கூம்பு ஃபில்டருக்குக் கேன்டீனில் ஒரு காலி பிஸ்கட் டின் வாங்கினார். தகரம் கைக்கு வந்ததும்தான் அவர் முகத்துக்கு உயிர் வந்தது. பையில் எப்போதும் இருக்கும் கத்திரியால் வெட்டி, விளிம்பை மடித்து, பத்து நிமிடத்தில் டர்போவுக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். மடிப்பு மூலை ஒவ்வொன்றும் கட்டிடத்தில் மாட்டுகிற டக்ட் மாதிரியே இருந்தது.

"கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல மாப்பிள்ளை முகம் இன்னைக்குத்தான் இந்தக் குடும்பத்துக்குப் பிரயோஜனப்படுது" என்றாள் நூல்காரரின் மனைவி. மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். அப்புறம் சிரித்ததற்காக வருத்தப்பட்டார்.

ஓட்டத்துக்கு முன் தங்கச்சி சொன்னாள்: "ஒவ்வொரு சுத்தும் உங்களைத் தாண்டும்போது சூடு கட்டுக்குள்ள இருந்தா ஒரு தடவை லைட் போடுறேன்."

முதல் சுற்றில் லைட் மின்னியது. இரண்டாவதில் மின்னியது. மூன்றாவதில் மின்னியது. நூல்காரர் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தார். நான்காவது சுற்றில் நீலக் கார் வளைவிலிருந்து வந்தது, நேராக வந்தது, அவர்களைத் தாண்டிப் போனது. லைட் இல்லை.

"போச்சு" என்றார் மாப்பிள்ளை.

நூல்காரர் வேலிக் கம்பியில் ஒரு காலை ஏற்றி எட்டிப் பார்த்தார். காற்று எங்கே தப்பியிருக்கும்? ஃபோம் நகர்ந்ததா? முகம் கழன்றதா? டின் சரிந்ததா? மூன்று வாரம் இருந்தது. ஃபோம் பட்டையை ஒழுங்காக வாங்கி, பழைய தட்டைத் தேடி எடுத்து, சாவகாசமாகச் செய்திருக்கலாம். மூன்று வாரத்தைச் சிரித்தே தீர்த்த மனிதர் இப்போது இரண்டு நிமிடத்துக்குச் செத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தைக் காதால் பின்தொடர்ந்தார். தொண்டை அடைக்கவில்லை. அடைத்த மாதிரி இருந்தது. இல்லை.

ஐந்தாவது சுற்றில் லைட் மின்னியது. ஆறு, ஏழு, எட்டிலும் மின்னியது.

சராசரியில் இரண்டாவது. மூன்றாவது ஆளோடு வித்தியாசம் அரை விநாடிகூட முழுசாக இல்லை. இடம் கிடைத்தது. தங்கச்சி காரைச் சுற்றி வந்து பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றாள். அழுகிறாளா மூச்சு வாங்குகிறாளா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

குழுவின் மேலாளரம்மா கைகுலுக்க வந்தவர் பம்பர் வாய்க்குள் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண் முகம் தலைகீழாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"உள்ளே என்ன பண்றார்?"

"காத்தைத் திருப்பி விடுறார்."

எல்லாம் அடங்கினபிறகு நூல்காரர் மெதுவாகத் தங்கச்சி பக்கம் வந்தார். "நாலாவது சுத்துல ஏன் லைட் போடலை?"

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு மூடியைத் திருகினாள்.

"இன்னொரு தடவை கேளு, சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. புரிந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். இனிமேல் கண்ணில் பட்டதை, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அப்போதே சொல்லிவிடுவதாக. இந்த வாக்கால் நிறையப் பேர் கஷ்டப்படுகிறார்கள். குழுவின் கொட்டகைக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போன முதல் நாளே அவர்களுடைய காரில் ஏழு தப்புச் சொன்னார். அங்கிருந்த மெக்கானிக்குகள் மூன்று நாள் தங்கச்சியோடு பேசவில்லை. நான்காவது நாள் ஏழில் ஐந்தைச் சரிசெய்திருந்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே, மேலே ஏசி காற்று வரும் துவாரம் தப்பான இடத்தில் இருப்பதாகக் கையால் காட்டினார். கொட்டகைக்கு வருகிறவர்களை இப்போது விரலோடு அனுப்பிவிடுவதில்லை. மூக்குத்தி என்று சொல்லிவிட்டு, ஏன் என்றும் சொல்கிறார். பழைய விரலே மேல் என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

மாப்பிள்ளை மட்டும் மாறவில்லை. மாறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். போன மாதம் நூல்காரர் அந்தக் கடைப் பக்கமாகப் போனார். நீல விளக்கின் கீழே ஒரு மஞ்சள் கார் நின்றது. பானெட் முழுக்க வரிசை வரிசையாக நூல். மஞ்சள் காருக்கு மேட்சாக மஞ்சள் நூல். பக்கத்தில் புதுத் தட்டி: 'நூல் முறைக் காற்றோட்டம், எங்கள் கண்டுபிடிப்பு'. தட்டியில் மாப்பிள்ளை, இந்தத் தடவை கையில் நூல்கண்டோடு. வாடிக்கையாளர் இரண்டு பேர் காரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நூல்கள் அழகாக ஆடிக்கொண்டிருந்தன.

நூல்காரர் உள்ளே போனார். கண்ணாடி ஓரத்தில் குனிந்து கீலைப் பார்த்தார்.

"மாப்ளே, பன்னிரண்டு."

"மச்சான், கஸ்டமர் இருக்காங்க."

"அதான் சத்தமாச் சொல்றேன். பன்னிரண்டு வாஷர். கழட்டுங்க. அப்புறம், இந்த நூலை நிக்கிற காருக்கு ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. கார் ஓடினாத்தான் நூல் காத்தைக் காட்டும்."

"அது தெரியும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை, குழந்தைக்குச் சொல்வது மாதிரி. "அதுக்குத்தானே ஃபேன் வச்சிருக்கோம்."

தூணுக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தது.

நூல்காரர் வெளியே போகும் வழியில் தங்கச்சிக்குப் போன் போட்டார். "சொல்லிட்டேன். ரெண்டு தடவை சொன்னேன். கேட்கலை."

"சொல்லிட்டேல்ல, போதும். நீ வீட்டுக்குப் போ" என்றாள் அவள். பின்னால் சைரன் கேட்டது.

"போறேன்" என்றார். போவதற்கு முன் குனிந்து ஃபேனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனார்.